வாகன் ஆரா, விட்ஸா, அக்வாவா: யாழ்ப்பாண ஓட்டத்துக்கு எது?

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இழுபட்ட கதை இது. பழைய காரை விற்றாயிற்று. மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் போக முடியாது, அம்மாவுக்கு முழங்கால் நோவு, பிள்ளைகள் இருவருக்கும் பின்னேர ரியூசன் ஆளுக்கொரு திசையில். புதுக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த கையோடு வந்த வரிக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இடையில் ஐந்து வருடம் கார் வராததால், கைக்கு எட்டுகிற விலையில் நிற்பவை அநேகமாக ஏழு எட்டு வயதைத் தாண்டியவைதான். அதற்குள் பொறுக்கிப் பொறுக்கிக் கடைசியில் நாலு பெயர் மிஞ்சியது: இந்திய அல்ட்டோ 800, ஜப்பான் வாகன் ஆர், ஆயிரம் சீசீ விட்ஸ், பெற்றோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் அக்வா. நாலுமே நல்ல கார்கள். சிக்கலே அதுதான்.

கேட்கப் போன இடமெல்லாம் முதல் கதை "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்" என்பதுதான். குறை சொல்லவும் முடியாது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும், கியூஆர் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் பார்த்த சனம் வேறு எதைக் கேட்கும்? அதற்கு முந்திய தலைமுறை இன்னும் மோசமானதைப் பார்த்தது. 90களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் என்பது மருந்து மாதிரி. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் துளிப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் அப்பா கடைசிவரை, யாராவது கார் வாங்கிக் கொண்டுவந்து காட்டினால், முதலில் சைலன்சர் பக்கம் போய் மணந்துதான் பார்ப்பார்.

ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக் கார் எடுத்தால் காசு போகும். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அக்வாவுக்கு ஜப்பானில் சொன்ன சோதனைக் கணக்கு, வந்த புதிதில், லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அது ஆய்வுகூடத்தில், ஏஸி போடாமல், உருளையின் மேல் ஓட்டி எடுத்த எண். சித்திரை வெயிலில் ஏஸியை முழுக்கத் திருகிக்கொண்டு கே.கே.எஸ் வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்கிற காருக்கு அது பொருந்தாது. எனக்கு நம்பிக்கையான முறை ஒன்றுதான்: ஒரே பெற்றோல் ஷெட்டில், ஒரே பம்பில், கொக்கி தானாக நிற்கும்வரை அடித்து, மீற்றரைக் குறித்து, முந்நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு அதே பம்பில் திரும்ப நிரப்பி வகுப்பது. உறவுக்குள்ளும் சிநேகிதருக்குள்ளும் நாலு காரும் இருந்ததால் கெஞ்சிக் கூத்தாடி நாலுக்கும் இப்படிப் பார்த்தேன். ஊர் ஓட்டத்தில், ஏஸியோடு, எனக்குக் கிடைத்தது: அக்வா 22, வாகன் ஆர் 18, அல்ட்டோ 17, விட்ஸ் 15. உங்கள் கால் பாரத்துக்கு இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். "முப்பது ஓடும் தம்பி, எழுதித் தாறன்" என்று ஒரு அண்ணை சொன்னார். எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை.

நான் மாதத்துக்கு 700 கிலோமீற்றர் ஓடுவேன். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வசதி. விட்ஸுக்கு 14,000 ரூபாய், அக்வாவுக்கு 9,550, வாகன் ஆருக்கு 11,700, அல்ட்டோவுக்கு 12,350. ஆக விட்ஸுக்கும் வாகன் ஆருக்கும் மாதத்தில் 2,300 ரூபாய்தான் வித்தியாசம். விட்ஸுக்கும் அக்வாவுக்கும் 4,450. வருடத்துக்கு ஏறக்குறைய 53,000. சின்னக் காசு இல்லைத்தான். ஆனால் ஹைபிரிட் பற்றரி ஒன்று மாற்ற நேர்ந்தால் பல வருடச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

இதே கணக்கை மச்சானுக்குப் போட்டால் தலைகீழாகிறது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவர், ஒரு நாளைக்கு 130 கிலோமீற்றர், மாதம் 22 நாள், மொத்தம் 2,860. விட்ஸ் என்றால் 57,000 ரூபாய்க்கு மேல், அக்வா என்றால் 39,000. மாதம் 18,000 மிச்சம், வருடத்துக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. அவருக்குப் பற்றரி வருடத்துக்கொரு பயமே தவிர இழப்பு இல்லை. அவர் அக்வாதான் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆகவே கார்க்காரரிடம் எவ்வளவு ஓடும் என்று கேட்பதற்கு முந்தி, நீங்கள் மாதம் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதை உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் மீற்றரிலாவது பாருங்கள். அனேகம் பேர் கூட்டித்தான் சொல்வார்கள். நானும் ஆயிரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கார்களுக்கு வருவோம்.

அல்ட்டோ 800ஐ ஏளனமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. 796 சீசீ, கைக் கியர், மாருதி 800 காலத்திலிருந்து வருகிற என்ஜின் குடும்பம். எந்தச் சந்தி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார், சாமானும் மலிவு. 12 அங்குல ரயர், அதுவும் மலிவு. ஒழுங்கைக்குள் எதிரே லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரம் வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்க இதைவிட வசதியான கார் இல்லை. இதன் ரைமிங் பெல்ற்றை மட்டும் காலத்துக்கு மாற்ற வேண்டும், மற்ற மூன்றிலும் இருப்பது செயின். எனக்கு இதில் மனம் ஒப்பாதது வேறு: தகடு மெல்லிசு, ஆரம்ப மொடல்களில் எயார் பாக்கும் இல்லை. ஊருக்குள் நாற்பதில் போக அது காணும். ஏ9 வீதியில் இரவு பஸ்களுக்கு நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை. தனி ஆள், ஆசிரியர், பள்ளிக்கூடமும் வீடும் சந்தையும் மட்டும் என்றால் மறுபேச்சில்லாமல் இதுதான்.

வாகன் ஆர் வேறு மாதிரி. 658 சீசீ என்றால் நம்ப மாட்டீர்கள், உள்ளே அவ்வளவு இடம். இருக்கை உயரம் கதிரை உயரத்துக்கு வருவதால் அம்மா குனியாமல், சேலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் இருந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் முடிந்தது. அவ ஏறிய முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டா. யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் இல்லாதது இந்தச் சின்ன என்ஜினுக்குப் பெரிய வரம். கண்டிப் பக்கம் மலை ஏறத் திணறுவது இங்கே தெரியவே தெரியாது. ஆனையிறவு தாண்டும்போது காற்று பக்கத்தால் அடித்தால் அந்த உயரமான உடம்பு கொஞ்சம் ஆடும், ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹைபிரிட் என்று பின்னால் எழுதியிருக்கிற வாகன் ஆரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பயப்படவும் வேண்டாம். முன் இருக்கைக்குக் கீழே சின்ன லித்தியம் பற்றரி ஒன்று இருக்கிறது, அதில் ஓடும் மோட்டார் என்ஜினுக்குக் கை கொடுக்கும், அக்வா மாதிரித் தனியே காரை இழுத்துக்கொண்டு போகாது. சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்ராட் ஆகிற வகை என்றால் அதற்கென்று வருகிற பற்றரிதான் போட வேண்டும். சாதாரணப் பற்றரியைப் போட்டுவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு வருடத்தில் தெரியும்.

எங்களுக்கு இது சரிவராததற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அதை விற்கிறவர் எவரும் தாமாகச் சொல்லவில்லை. ஜப்பான் வாகன் ஆர் நாலு பேருக்கான கார். பின்னால் இரண்டு பெல்ற்தான். நாங்கள் ஐந்து பேர். "பிள்ளையள்தானே, இருக்கலாம்" என்றார் ஒருவர். பிள்ளைகள் வளர்வார்கள், பொலிஸும் மறிக்கும், அதைவிட ஒரு நாள் எங்காவது முட்டினால் பெல்ற் இல்லாமல் நடுவில் இருக்கிறவர் யார் என்று யோசித்தேன். நாலு பேர் வீடு என்றால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு வாகன் ஆர் பார்க்கப் போகலாம்.

அக்வாவைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, பற்றரி போனால் காரே போனது என்கிறது. மற்றது, அதைப் போல கார் இல்லை என்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. 1500 சீசீ என்ஜினோடு மோட்டார் சேர்ந்த அந்த அமைப்பில் வழக்கமான ஸ்ராட்டரும் இல்லை, ஓல்ற்ரனேற்றரும் இல்லை, சீவீரீ என்கிற ஓட்டோ கியரில் வருகிற பெல்ற்றும் இல்லை, பல் சக்கரங்கள்தான். அதனால் உடைய அதிகம் இல்லை. பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிராக்க ஒரு விசிறி, அந்த விசிறிக்குக் காற்றுப் போக இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை வாய். பார்க்கப் போன ஒரு அக்வாவில் அந்த மூடியைக் கழற்றினால் உள்ளே செம்மண் தூசி, நாய் மயிர், ரொபித் தாள், எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்தது. இந்த வெயிலில் மூச்சுவிட முடியாத பற்றரி எத்தனை வருடம் தாங்கும்? சொந்தக்காரருக்கு அப்படி ஒரு வாய் இருப்பதே தெரியாது. துடைக்கப் பத்து நிமிடம் போதும்.

அக்வா பார்த்தால் கட்டாயம் கொம்பியூட்டர் ஸ்கான் போட வேண்டும். பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றையும் ஓடவிட்டுப் பார்த்தால் எது சோர்ந்து விழுகிறது என்று தெரியும். பற்றரி புதிது என்று யாராவது சொன்னால் முழுதாக மாற்றியதா, பழுதான செல்லை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு பழைய செல்லைச் செருகியதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் ஆறு மாதத்தில் அடுத்த செல் கூப்பிடும். இன்னொன்று, எங்களூருக்கே உரிய விஷயம்: வெளிநாட்டிலிருந்து வருகிறபோது ஓடலாம் என்று வாங்கி, மிச்ச மாதமெல்லாம் கொட்டிலில் மூடி வைத்திருக்கிற கார்கள். மீற்றர் குறைவாக இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஹைபிரிட்டுக்கு அப்படிச் சும்மா நிற்பது ஆகாது, பற்றரி சோம்பிப் போகும். அப்படிப்பட்ட காரை விட மச்சான் மாதிரித் தினமும் ஓடியவரின் அக்வா மேல்.

அடுத்தது உயரம். அடிப்பக்கம் நிலத்திலிருந்து 140 மில்லிமீற்றர்தான். கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், நடுவில் உழவு இயந்திரம் போன தடம் வேறு. விட்ஸும் அந்த உயரம்தான், ஆனால் அக்வாவின் முன் பம்பர் நீட்டிக்கொண்டு போய் முதலில் முட்டுகிறது. அம்மா ஒருமுறை ஏறினா. இறங்கக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

விட்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. 996 சீசீ, மூன்று சிலிண்டர், நிற்கும்போது கொஞ்சம் நடுங்கும், உள்ளே எல்லாம் பிளாஸ்ரிக். வோட்டர் பம்ப் கசிவது இந்த என்ஜினுக்குத் தெரிந்த குறை. பம்பைச் சுற்றி ரோசா நிறத்தில் காய்ந்த கறை இருந்தால் விலையில் அதைக் கழியுங்கள். கியர் சீவீரீ, அதற்குரிய ஒயில்தான் விட வேண்டும். கிடைத்ததை ஊற்றினால் நின்று எடுக்கும்போது உதறத் தொடங்கும். மற்றபடி ஐந்து பேர், ஐந்து பெல்ற், சாமான் எங்கேயும், திறந்து பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை.

வழியில் கழித்துவிட்டவையும் சில. ஹொண்டா ஃபிட் ஜீபி5 ஓட்ட அருமையான கார், ஆனால் அதன் ஏழு கியர் இரட்டைக் கிளச்சுக்காக 2013, 2014 காலத்தில் ஜப்பானிலேயே பல தடவை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். கொழும்பில் பார்க்க ஆட்கள் இருக்கலாம், இங்கே பழுதானால் 400 கிலோமீற்றர் கட்டி இழுக்க நான் தயாரில்லை. விவா எலீற் பாவம், நல்ல கார், வயது போய்விட்டது. முழுக்க மின்சாரத்தில் ஓடுகிற லீஃப் பற்றி மட்டும் இன்னும் எனக்கு மனதில் ஒரு ஆசை உண்டு. கூரையில் சோலர் போட்ட வீடு, தினமும் இருபது முப்பது கிலோமீற்றர், மேடில்லாத ஊர், இதைவிட அதற்கு என்ன வேண்டும்? ஆனால் அதன் பற்றரியைக் குளிராக்க எந்த ஏற்பாடும் இல்லை. பழையவற்றில் பற்றரியின் நலத்தைக் காட்டுகிற பன்னிரண்டு கோட்டில் எட்டு ஒன்பதுதான் மிச்சம், கொழும்புப் பயணத்தை மறக்க வேண்டும். இரண்டாவது காராக என்றால் யோசிப்பேன்.

எந்தக் கார் என்பதைவிட எந்த ஆளின் கார் என்பதில்தான் நான் முந்தி ஒருமுறை அடிபட்டேன். என் முதல் கார் 2017இல் வாங்கியது. மீற்றர் 48,000. மூன்றாம் மாதம் பிள்ளையின் பென்சில் விழுந்து, எடுக்க இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினால் தண்டவாளத்தடியில் ஒரு ஒயில் மாற்றிய அட்டை, எண்ணெய் படிந்து, எழுத்து மட்டும் தெளிவாக: அடுத்த சேர்விஸ் 1,17,000. விற்றவருக்குப் போன் எடுத்தேன், அந்த இலக்கம் பாவனையில் இல்லை. அதிலிருந்து மீற்றரை நான் பார்ப்பதே இல்லை, பிரேக் பெடலின் றப்பரைத்தான் பார்க்கிறேன். அறுபதாயிரம் ஓடிய காரில் அது வழுவழு என்று தேய்ந்திருக்காது.

இந்தமுறை ஒரு விட்ஸ் பார்க்க இணுவிலுக்கு ஞாயிறு காலமை ஏழு மணிக்குப் போனேன். முதல் நாளே, நான் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போனதும் பொனற்றில் கை வைத்தால் சுடுகிறது. "கோயிலுக்குப் போட்டு வந்தனாங்கள்" என்றார். இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைதானே. ஆனால் குளிர்ந்த என்ஜின் முதல் அடிக்கு எப்படி எழும்புகிறது, என்ன சத்தம், என்ன புகை என்பதைப் பார்க்காமல் நான் காசு கொடுக்க மாட்டேன். இன்னொரு நாள் வருகிறேன் என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேறொன்றில் பின் சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழத்தில் மண்ணிறக் கோடு. தண்ணீருக்குள் நின்ற கார். 2016 மே மாதம் கொழும்பில் களனி ஆறு பெருகியபோது எத்தனை கார்கள் மூழ்கின. உள்ளே கழுவிச் சாயம் அடித்தாலும் பெல்ற்றின் அடியை யாரும் கழுவுவதில்லை. உபரி ரயர் வைக்கிற குழியையும் பாய் தூக்கிப் பாருங்கள். பண்ணைப் பாலத்தால் தினம் வேலணைக்கும் ஊர்காவற்துறைக்கும் ஓடிய கார்களுக்கு உப்புக் காற்றின் கறள் அங்கேயும் கதவின் கீழ் விளிம்பிலும்தான் முதலில் பிடிக்கும்.

றேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்க மறக்க வேண்டாம், குளிர்ந்த பிறகுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை றேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்ற் விடாமல் வாளியால் ஊற்றி ஓட்டியவரின் கார் என்றால் விரலில் மாவு மாதிரி வரும். அந்தக் காரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் சசி இலக்கமும் காரில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங்கில் இருந்த கார் என்றால் கொம்பனியின் பெயர் புத்தகத்திலிருந்து நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில் பெயர் மாற்றாமல், ஓப்பன் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த காரில், பதிவில் இருக்கிறவர் எங்கோ கண்டியில் இருப்பார், அல்லது இல்லாமலே போயிருப்பார். எனக்கு அப்படி ஒன்று நல்ல விலைக்கு வந்தது, வேண்டாம் என்றேன். வரிப்பத்திரத்துக்குப் புகைச் சோதனை எடுத்த பழைய தாள்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், மீற்றர் இலக்கம் போட்டிருந்தால் வருடா வருடம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் எடுத்தது மானிப்பாயில் ஒரு ஓய்வுபெற்ற ஐயாவின் விட்ஸ். ஒவ்வொரு ஒயில் மாற்றத்தையும் பள்ளிக்கூடக் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருந்தார், இடையில் ஒரு பக்கம் முழுக்க அவருடைய பால் கணக்கு. வேறு இரண்டு விட்ஸைவிட விலை கொஞ்சம் கூட. பேரம் பேசவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதிகம் பேசவில்லை. சீவீரீ ஒயிலும் நாலு ரயரும் மாற்றினேன். முதல் மாதம் லீற்றருக்கு 14.6 ஓடியது. மச்சான் அக்வாவில் வந்து அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அம்மா இன்னும் வாகன் ஆரின் கதவைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறா.